பின்னால் ஒட்டியிருந்த சொல்

என் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களை நான் நிம்மதியாக உட்கார விட்டதில்லை. காப்பி கலந்து வருவதற்குள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்ச் சுவர்களைக் காட்டிவிடுவேன். ஹாலில் எட்டுப் படங்கள், சாப்பாட்டு அறையில் மூன்று, படுக்கையறைக்குப் போகும் நடையில் ஐந்து. எங்கள் வீட்டுக்காரர் இதற்கு 'நகர்வலம்' என்று பெயர் வைத்திருந்தார். "இவங்களும் நகர்வலம் முடிச்சுட்டாங்களா, இனி காப்பி குடுக்கலாமா?" என்று அடுக்களையிலிருந்து கேட்பார். அவர் நாகர்கோவில்காரர். எந்தப் படத்தைக் காட்டினாலும், நல்லாயிருக்கு என்கிற அர்த்தத்தில், "கொள்ளாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

நான் பல் டாக்டர். திருவனந்தபுரத்தில் சாஸ்தமங்கலத்தில் கிளினிக், கவடியாரில் வீடு. கிளினிக்கின் காத்திருப்பு அறைக்காகத்தான் முதல் படம் வாங்கினேன். பல் பிடுங்க வந்து நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் சொத்தைப்பல் போஸ்டரைப் பார்த்து இன்னும் நடுங்க வேண்டாமே என்று பொன்முடி மலையில் மூடுபனி இறங்கும் ஒரு நீர்வண்ணப் படத்தை மாட்டினேன். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். கண்காட்சி எங்கே நடந்தாலும் போனேன். படம் வாங்குவதைவிட அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் எனக்கு ருசி அதிகம். இந்த ஊர் ஈரம் படங்களுக்கு எமன். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டினால் ஒரே ஆடியில் பூஞ்சை பிடித்துவிடும். சட்டத்தின் கீழ் முனைகளில் சின்னக் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விட வேண்டும். மேற்கு வெயில் படக்கூடாது. இதையெல்லாம் வந்தவர்களிடம் அளந்துகொண்டே நடப்பேன். எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கண் உண்டு என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் நம்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு படத்தில்தான் அந்தக் கண் பொய்த்தது. பொய்த்தது என்றுகூடச் சொல்லக்கூடாது. தெரிந்தே செய்தேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு மலையாளிப் பெண் ஓவியரின் கண்காட்சி. அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும், நரைத்த முடியைக் கட்டாமல் விட்டிருப்பார். இரண்டாவது அறையில் திரும்பியதும் அந்தப் படம். ஒன்றரை அடிக்கு இரண்டடி, எண்ணெய் ஓவியம். மொத்தக்கடை ஒன்றின் வாசல், மிளகாய் வத்தல் சாக்குகள், பெரிய தராசு. தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஒரு காலை மடக்கி ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டியிருக்கிறார், கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிகிறது. காதில் பென்சில். காது மடலில், சின்ன வயதில் கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன ஓட்டை.

அது என் அப்பா. துண்டு கட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாதா? இதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு வத்தல் மொத்தக்கடையில் நாற்பது வருஷம் எடை போட்டவர். கடை அவருடையது அல்ல. நாஞ்சில் நாட்டிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து அந்தத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், நான் பல் மருத்துவம் படித்து முடித்துக் கல்யாணம் ஆன பிறகுதான் எழுந்தார்.

படத்தின் கீழே ஒரு அட்டை. அதில் மலையாளத்தில் ஒரே சொல்: 'அண்ணாச்சி'.

அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்பது மரியாதைச் சொல். மூத்தவரை, கடைக்காரரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட அப்படிக் கூப்பிடுவோம். ஆனால் இந்த ஊரில் மலையாளிகள் வாயில் அதே சொல் வந்தால் ருசி மாறிவிடும். அங்கே அது தமிழனுக்கு வைத்த பட்டப்பெயர். கேட்டதும் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பில் ஒருநாள் அப்பா கடையிலிருந்து நேராக, வத்தல் தூசி படிந்த சட்டையோடு என்னைப் பார்க்க வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். முதலில் டீச்சர் தும்மினார். பிறகு முன்வரிசை தும்மியது. பிறகு வகுப்பே தும்மியது, பாதி நிஜத்துக்கும் பாதி வேண்டுமென்றும். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை நான் 'அண்ணாச்சியுடெ மோள்', அண்ணாச்சி மகள்.

அன்று சாயந்திரமே அப்பாவிடம் இனிமேல் ஸ்கூலுக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் என் மலையாளத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டேன். இன்றைக்கும் என் நோயாளிகளில் பாதிப் பேருக்கு நான் தமிழச்சி என்று தெரியாது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவள் நான்.

படத்தை அங்கேயே, அப்போதே வாங்கிவிட்டேன். அப்பா மேல் உள்ள பாசத்தால் வாங்கினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. அந்தச் சொல்லோடு அவர் இன்னொருவர் வீட்டுச் சுவரில் தொங்கக்கூடாது என்பது மீதிப் பாதி. ஓவியர் என் கையைக் குலுக்கி, "இது எனக்குப் பிரியமான படம், நல்ல இடத்தில் வைப்பீர்கள் இல்லையா?" என்று மலையாளத்தில் கேட்டார். நானும் சுத்தமான மலையாளத்தில் பதில் சொன்னேன். தமிழனைக் கேலிப்பொருளாக வரைந்துவிட்டு என்ன பிரியம் வேண்டிக்கிடக்கிறது என்று மனசுக்குள் கறுவினேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருப்பினால் பின்னாலும் அதே பெயர். பழுப்புத் தாள் துண்டு ஒன்றில் அவர் கையால் எழுதி ஒட்டியிருந்தார். இத்தனை நல்ல படத்துக்கு இப்படியா ஒரு மட்டமான தாள் என்று அதற்கும் ஒரு கோபம். பல்லில் காரை சுரண்டும் கருவி ஒன்று வீட்டில் இருந்தது. ஈரப்பஞ்சால் நனைத்து, அந்தக் கருவியால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பி, துளி எச்சம் இல்லாமல் உரித்தெடுத்தேன். என் தொழில் அதுதானே. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

என் படங்களுக்கெல்லாம் நான் சின்ன அட்டை அடித்து வைப்பது வழக்கம், ஓவியர் பெயரும் தலைப்பும். இந்தப் படத்துக்கு 'ஆரியசாலை வியாபாரி' என்று அடித்தேன். எடை போடுபவரை ஒரே வரியில் முதலாளியாக்கிவிட்டேன். ஹாலில் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில், சோபாவுக்கு நேர் எதிரே மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். "யாரு டாக்டர் இது? என்ன கண்ணு!" என்பார்கள். "தெரியாது. யாரோ ஒரு பழைய வியாபாரியா இருக்கும்" என்பேன். முதல்முறை சொல்லும்போது படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நாலாவது முறையில் பழகிவிட்டது.

அப்பா அப்போது ஆரியசாலையிலேயே தம்பி வீட்டில் இருந்தார், இப்போதும் அங்கேதான். அம்மா போன பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவார். அவர் வருகிற அன்று காலையில் நான் செய்கிற முதல் வேலை அந்தப் படத்தைக் கழற்றுவது. கழற்றிப் போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, பழைய பொன்முடிப் படத்தை அந்த ஆணியில் மாட்டுவேன். ஏன் என்றால் அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. பார்த்தால் சந்தோஷப்படுவார். அடுத்த தடவை என் கிளினிக் சிநேகிதிகள் யாராவது இருக்கும்போது, "இது நாந்தாம், வத்தல் கடையில எடை போடுகேம்" என்று தன் வாயாலேயே சொல்லிவிடுவார். அதற்குப் பயந்தேன். இத்தனை வருஷமும் அவர் என் ஹாலில் அந்த மூடுபனிக்கு எதிரே உட்கார்ந்து, "நல்ல குளிர்ச்சியா இருக்கு மக்ளே, இந்தப் படம்" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தார். "அவரு படத்த அவருகிட்டயே ஒளிச்சு வைக்கதுக்கு என்ன நியாயம்?" நியாயம் எதுவும் என்னிடம் இல்லாததால் சண்டை போட்டேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

போன வருஷம் அந்த ஓவியர் போன் செய்தார். தன் பழைய படங்களையெல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், அந்தப் படத்தை ஒரு வாரத்துக்கு இரவல் தர முடியுமா என்றும் கேட்டார். வீட்டுக்கே வந்தார். நகர்வலம் போகாமல் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கீழே இருந்த அட்டையைக் குனிந்து படித்தார்.

"இதற்கு நான் வேறே பேரல்லவா வைத்தேன்?" என்றார். அவர் பேசியது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

அவரே படத்தைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

"ஃபிரேம் மாத்தினப்போ கடைக்காரன் எடுத்துட்டிருப்பான்" என்றேன். பாவம், எந்தக் கடைக்காரனோ.

அவர் கோபப்படவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் வீடு சாலைக் கம்போளம் என்ற சந்தைக்குப் பின்னால். ஸ்கூலுக்கு ஆரியசாலை வழியாகத்தான் போவார். படம் வரைய ஆசை, வீட்டில் தாள் வாங்கிக் கொடுக்க மாட்டார்கள். வத்தல் கடையில் எடை போடும் ஆள், சரக்கு கட்டிவரும் பழுப்புத் தாளை உதறி, நீவி, கத்தியால் சதுரமாக வெட்டி எடைக்கல்லுக்கு அடியில் இவருக்காக வைத்திருப்பார். அஞ்சு வருஷம் அந்தத் தாளில்தான் வரைந்தார்.

"எல்லாரும் அவரை, தமிழரை இங்கே இளக்காரமாகச் சொல்கிற மாதிரி, பாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சின்னக் குட்டிப் பெண், எனக்கு என்ன தெரியும்? அவர் திட்டவில்லை. 'எங்க ஊர்ல அண்ணாச்சின்னு விளிப்பாங்க மோளே, நீயும் அப்படியே விளி' என்றார். அவர் கேட்டு வாங்கின பேர் அது. அதனால்தான் படத்துக்கும் அதையே வைத்தேன். பின்னால் ஒட்டியிருந்ததுகூட அவர் தந்த தாள்தான். கடைசியாக மிச்சம் இருந்தது."

ஒரு மலையாளப் பெண் அந்தச் சொல்லை எங்கள் ஊர் அர்த்தத்தில் எழுதியிருக்கிறாள். தமிழச்சியான நான்தான் அதை மலையாளக் காதால் கேட்டிருக்கிறேன்.

"நான் எத்தனையோ தடவை தேடினேன். கடை கைமாறிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை" என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷம் இந்தப் படம் இங்கே இருக்கிறதே, வந்தவர்கள் யாராவது இவரைத் தெரியும் என்று சொன்னார்களா டாக்டர்? உங்களுக்கு யாரென்று தெரியுமா?"

இது என் அப்பா. சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அட்டையைச் சொல்ல வேண்டும், உரித்த தாளைச் சொல்ல வேண்டும், கடைக்காரன் மேல் இப்போதுதான் போட்ட பழியைச் சொல்ல வேண்டும். அவர் மடியில் இருந்த படத்திலிருந்து அப்பாவின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாது" என்றேன்.

காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் பாதி வழியில் நின்றுவிட்டார். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஓவியர் படத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, "உனக்கே இது நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டார். இந்த முறை நான் சண்டை போடவில்லை, காப்பித் தம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவினேன்.

ஒரு வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு எண்பத்துநாலு வயது. அந்தப் படத்தை அவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், அந்தப் பெயரோடு பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். தீர்மானித்தவள் ஒழுங்காகவா செய்தேன்? கண்காட்சி நடக்கும் இடத்துக்குப் போன் செய்து, ஓவியர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்தேன். சாயந்திரம் நாலு மணிக்கு மேல்தான் என்றார்கள். அப்பாவை மதியம் பன்னிரண்டரைக்குக் கூட்டிப்போனேன்.

வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார். அவருக்கு இப்படிப்பட்ட இடம் புதிது. செருப்பை வாசலில் கழற்றப் போனவரைத் தடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் மரியாதைக்கு ஒரு நிமிஷம் நின்று, "கொள்ளாம், கொள்ளாம்" என்றபடி வந்தார்.

அந்தப் படத்துக்கு முன்னால் வந்ததும் முதலில் தராசைத்தான் பார்த்தார். "இது நம்ம கடைத் தராசுல்லா?" என்றார். பிறகு சாக்கு. பிறகு அந்த ஆள். கீழே இருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அண்... ணாச்... சி." இரண்டாவது முறை கூட்டாமல் படித்தார். அவர் கை அவரையறியாமல் தன் காது மடலுக்குப் போயிற்று.

"நானா மக்ளே இது?"

"ஆமாப்பா."

வெகுநேரம் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. இதற்கு முன் அப்படி நான் பார்த்தது அம்மா செத்த அன்றுதான். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"இது யாரு வீட்ல இருக்கு?"

"என் வீட்லதான்பா. நான் வாங்கி வச்சிருந்தேன்."

"உன் வீட்லயா?" நிஜமாகவே யோசித்தார். "நான் மாசாமாசம் வாறேனே, பாத்ததில்லையே. எங்க மாட்டியிருந்த?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் பின்னால் காலடிச் சத்தம். யாரோ விருந்தாளிகளுக்காக ஓவியர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்தவர் அப்பாவின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், திரும்ப அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி?"

அப்பா கண்ணைச் சுருக்கினார். அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "பேப்பர்குட்டியா?" என்றார்.

ஓவியர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அவர் தலையைத் தொட்டு, "வலிய ஆளாயிட்டியே மோளே" என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். நான் ஒரு ஓரமாக நின்றேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓவியர் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், அன்றைக்கு ஆளைத் தெரியாது என்றீர்களே. எனக்காகத் தேடிக் கண்டுபிடித்தீர்களா? எங்கே கிடைத்தார்?"

அப்பா என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் தராசு முள்ளைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு பார்வை போதும். அவர் ஓவியரிடம் திரும்பி, தன்னுடைய அந்தத் தப்புத் தப்பான மலையாளத்தில் சொன்னார்.

"ஞான் டாக்டருடெ பேஷண்டாணு மோளே. பல்லு காட்டான் போயதாணு. நல்ல கைப்புண்யமுள்ள டாக்டராணு." அவர் பல் காட்ட வந்த நோயாளி, நான் கைராசியான டாக்டர், அவ்வளவுதான்.

ஓவியர் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். யாரையோ கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். நடுவில் அண்ணாச்சி, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். "டாக்டர் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க" என்றார்கள். அப்பா, ஒரு டாக்டருக்கு நோயாளி விட வேண்டிய இடத்தை விட்டு, என்மேல் படாமல் நின்றுகொண்டார்.

திரும்பி வரும்போது காரில் தம்பி மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார், கிழக்கேகோட்டை நெரிசலைப் பற்றிப் பேசினார். படத்தை எங்கே மாட்டியிருந்தாய் என்று மறுபடி கேட்கவே இல்லை. ஆரியசாலைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், இறங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னது செரிதானே மக்ளே? ஒனக்கு எடைஞ்சலா ஒண்ணும் சொல்லிரலியே?"

"செரிதாம்ப்பா" என்றேன்.